முழுக்கதையே வேண்டும்

ஆசிரியருக்கு,

சிறார் நூல்களைப் பெரியவர்களும் வாசிக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் கண்டேன். நல்ல சிறார் கதை சொல்லாமல் விடும் இடத்தில்தான் பெரியவர் மனம் கலங்குகிறது. 1943இல் வெளிவந்த 'குட்டி இளவரசன்' என்ற பிரெஞ்சுச் சிறார் கதையில், வேறொரு கோளிலிருந்து வந்த சிறுவன் பாம்பு தீண்டியதும் மரம் சாய்வதுபோல் மெல்ல விழுகிறான். மணல் என்பதால் சத்தம்கூட இல்லை. இறந்தான் என்று கதைசொல்லி எங்கும் கூறுவதில்லை. அவன் தன் கோளுக்குத் திரும்பிவிட்டதாகக் குழந்தை நம்பும். இழப்பை அறிந்தவருக்கு அந்த மௌனத்தில் சொந்தத் துயரம் வந்து அமர்ந்துகொள்ளும். உரக்க வாசிக்கையில் இங்கே குரல் தழுதழுப்பது பெரும்பாலும் பெரியவருக்குத்தான்.

சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டுப்படுவதும் இத்தகைய வரிகளே. கூடவே நீதி ஒன்றையும் ஒட்டிவிடுகிறார்கள். பதிப்பகங்கள் முழுக்கதையையே வெளியிடட்டும்; நூலகங்கள் ஒரு பிரதியைப் பெரியவர்களுக்கான அலமாரியிலும் வைக்கட்டும்.