மணிக்கு, டோம்பிவிலியிலிருந்து

டோம்பிவிலி,
ஜூலை 11

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியும் மழையும் சேர்ந்து என்னை வீட்டோடு கட்டிப் போட்டிருக்கின்றன, அப்படியும் பேனாவை எடுக்க இவ்வளவு நாள். கோபித்துக்கொள்ளாதே.

உன் மகன் மத்திய அரசு வேலையில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். முதல் மாதமே சங்கச் சந்தா பிடித்தத்துக்குப் படிவம் நீட்டினார்களாம், "இதனால எனக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறானாம். ஆயுசு முழுக்கத் தபால் ஆபீசில் இருந்தவன் நீ, பதிலை என்னிடம் தள்ளிவிட்டாய்!

தேதி எழுதும்போதுதான் உறைத்தது. 1946-இல் உங்கள் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது இதே ஜூலை 11. 1960-இல் மத்திய அரசு ஊழியர் மொத்தப்பேரும் இறங்கியதும் இதே நாள் நள்ளிரவில்தான். என் மாமனார் பம்பாய் மாட்டுங்காவிலிருந்து அதில் கலந்துகொண்டவர். ஐந்து நாள் கதையை ஐம்பது வருஷம் சொன்னார். 1957-இல் டெல்லி தொழிலாளர் மாநாட்டில் அரசையும் வைத்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்: குடும்பத்துக்கு இவ்வளவு சாப்பாடு, வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு எல்லாம் சேர்த்துத்தான் குறைந்தபட்சச் சம்பளம் என்று. இரண்டாவது சம்பளக் கமிஷன் அதை ஒதுக்கிவிட்டு மாதம் 80 ரூபாயில் நின்றது, அந்தக் கோபத்தில்தான் இறங்கினார்கள். "அந்தத் துணி எங்கே?" என்று மாமனார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அவசரச் சட்டம் வந்தது, கைது, சஸ்பென்ஷன், சங்கங்களின் அங்கீகாரமும் பறிபோனது.

பையனுக்கு நீ சொல்ல வேண்டியது ஜோசப் வழக்கு. இ. எக்ஸ். ஜோசப் பம்பாயில் கணக்குத் தணிக்கைத் துறை ஊழியர், அங்குள்ள சிவில் அக்கவுண்ட்ஸ் சங்கத்தின் செயலாளர். 1959-இல் அரசு அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அங்கீகாரமில்லாத சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே தப்பு என்றது அன்றைய நன்னடத்தை விதி, 4-பி. மற்றவனாக இருந்தால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். இவர் விலகவில்லை. சார்ஜ் ஷீட் வந்தது. 1960 வேலைநிறுத்தத்துக்கான ஆர்ப்பாட்டங்களில் கலந்துகொண்டார் என்று 4-ஏ விதியின் கீழ் இன்னொன்று. மனிதர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், அப்புறம் விஷயம் டெல்லி வரை போய், 1962 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கஜேந்திரகட்கர் தீர்ப்பு எழுதினார். சங்கம் சேரும் உரிமை அரசியல் சட்டம் கொடுத்தது, அரசு அங்கீகரித்தால்தான் உண்டு என்பது செல்லாது என்று 4-பி-யை அடித்துவிட்டார்கள். ஆர்ப்பாட்டம் கூடாது என்ற தடையும் போயிற்று. அதே வருஷம் பிப்ரவரியிலேயே பீகார் ஊழியர்கள் வழக்கில், சென்னையிலிருந்து போன நீதிபதி ராஜகோபால ஐயங்கார் அதற்கு வழி போட்டுவைத்திருந்தார்.

வேலைநிறுத்தத் தடை மட்டும் அப்படியே நின்றது. வாயைத் திறக்கலாம், கையைக் கட்டிக்கொண்டே இரு என்பது போல. அதன் வலி 2003-இல் உங்கள் தமிழ்நாட்டில் மாநில அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தெரிந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் வேலை போய், ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யத் தார்மீக உரிமைகூட இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னதே. சட்ட உரிமை இல்லை என்றதோடு நிறுத்தியிருக்கலாம். தார்மீகத்துக்குள் ஏன் போனார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, சந்தாவுக்கு வருகிறேன். நான் சேர்ந்த காலத்தில் சம்பள நாளன்று எங்கள் பொருளாளர், பாலக்காட்டுக்காரர், ரசீதுப் புத்தகத்தோடு சீட் சீட்டாக வருவார். ஒரு ரூபாய் வாங்க அரை மணி நேரம் திட்டு வாங்குவார். என் இன்கிரிமென்ட் ஏழு மாதம் நின்றிருந்தது அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். நான் மனு எழுதிக் கொடுத்ததால் அல்ல, "காசு கிடையாது, போங்க" என்று எரிந்து விழுந்ததால். ஒரு தகராறில் சங்கத்தின் நோட்டீஸ் போர்டை நிர்வாகம் கழற்றி வைத்தபோது, செய்தி நின்றுபோகவில்லை. ரசீதோடு அவர்தான் வந்துகொண்டிருந்தாரே.

மத்திய அரசு ஊழியர் சங்கங்களை அங்கீகரிக்க 1993-இல் வந்த விதிகளுக்குப் பிறகு சம்பளப் பட்டியலிலேயே சந்தாப் பிடித்தம், அந்தக் கணக்கை வைத்தே அங்கீகாரம். ஒரு பிரிவு ஊழியரில் 35 சதவீதம் பேர் உறுப்பினராக வேண்டும், இரண்டாவது சங்கத்துக்கு 15. கணக்கு சுத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுதந்திரமான சங்கம் என்று நாம் பேசுகிறோமே, அதன் சந்தாவை நிர்வாகமே வசூல் செய்து கொடுக்கிறது! நான் ஓய்வு பெறும்போது எங்கள் செக்‌ஷன் இளைஞர்களில் பாதிப் பேருக்குப் பொருளாளர் யாரென்றே தெரியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் அவர்களிடம் திட்டு வாங்க வரவில்லை.

படிவத்தில் பையன் கையெழுத்துப் போடட்டும். அதற்கு முன்னால் பொருளாளர் எந்த மாடியில் உட்காருகிறார் என்று விசாரித்து, ஒரு தடவை நேரில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்.

தை மாதம் ஊருக்கு வருவதாக இருக்கிறேன், முழங்கால் சம்மதித்தால்.

உன்,
சேது