எந்தப் பையில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கான கட்டுரையில், மூன்றாவது பத்தியின் கடைசியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. "கத்தி, கத்தரிக்கோல் போன்ற கூரான பொருட்களை விமானத்தில் கொண்டுபோக அறவே அனுமதி இல்லை." அவ்வளவுதான். கையோடு கொண்டுபோகும் பையிலா, கவுன்ட்டரில் எடை போட்டு ஒப்படைக்கும் பெட்டியிலா என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, எத்தனை தடவை பறந்திருப்பீர்கள். அப்படியும் அது உங்கள் கண்ணைத் தாண்டி அச்சுக்குப் போயிருக்கிறது.

என் தம்பி அதைப் படித்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை, படித்ததோடு சரி. அவன் சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே எங்கள் அப்பாவின் பேனாக்கத்தி இருந்தது. நான்தான் வைத்தேன். தோல் உறையில் போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்டும் போட்டு வைத்தேன். பெட்டியைத் திறந்து சோதிக்கிறவர் உள்ளே கையை விடும்போது விரலை அறுத்துக்கொள்ளக் கூடாது இல்லையா, கூரான பொருளை உறையிலோ துணியிலோ பத்திரமாகச் சுற்றி வைக்கச் சொல்வதே அதற்குத்தான். வரிசையில் நிற்கும்போது தம்பிக்கு உங்கள் வாக்கியம் ஞாபகம் வந்துவிட்டது. பெட்டியையே பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று பயந்து, ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்து, கத்தியை எடுத்துக் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் போட்டுக்கொண்டான், யாரிடமாவது கேட்டு முடிவு பண்ணலாம் என்று. பெட்டியை ஒப்படைத்த அவசரத்தில் கேட்க மறந்தே போனான்.

அதாவது, இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இருந்த கத்தியை எடுத்து, இருக்கக் கூடாத இடத்தில் வைக்க வைத்தது உங்கள் இதழ். செக்யூரிட்டியில் பையைத் திறந்து பார்த்த அம்மா, "பெரிய பெட்டியில போட்டிருக்கலாமே சார்" என்றாராம். அதற்குள் பெட்டி கன்வேயரில் போய்விட்டது. திரும்பிப் போய் வரவும் நேரமில்லை. கத்தி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் மற்ற நகவெட்டி, ஸ்க்ரூடிரைவர்களோடு போய்ச் சேர்ந்தது. சிவப்புக் கைப்பிடி, இரண்டு அலகு, சின்ன அலகின் நுனி உடைந்திருக்கும். அப்பா பென்சில் சீவியது, தபால் உறை கிழித்தது எல்லாம் அதில்தான். விலைக்கு வாங்கிவிடலாம் என்று தயவுசெய்து யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

நான் இருபது வருடத்துக்கும் மேலாகப் பேனாக்கத்தியைச் செக்-இன் பெட்டியில் வைத்துக்கொண்டு பயணம் செய்கிறவன். ஒரு தடவைகூட யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இரண்டு முறை பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், பார்த்தேன் என்று ஒரு சீட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், கத்தி அப்படியே இருந்தது. ஏன் இருக்காது? பறக்கும்போது சரக்கு அறைக்கு எந்தப் பயணியும் போக முடியாது. இது புரிய விமான நிபுணர் வேண்டுமா?

அதுவும் 'அறவே' என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்த வார்த்தைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. பயணி அறைக்குள்ளேகூட அது 'அறவே' இல்லை. ஐரோப்பிய விதிகளில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுக்குத்தான் தடை. கனடாவும் 2017-இல் 6 சென்டிமீட்டர் வரை அனுமதித்தது, அமெரிக்கா போகும் விமானங்களுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் 2001 செப்டம்பருக்கு முன்னால் 4 அங்குலத்துக்குக் குறைந்த கத்தியைக் கையிலேயே கொண்டுபோகலாம். இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு எல்லாம் நின்றது. 2013-இல் 2.36 அங்குலம் வரை, அதாவது அதே 6 சென்டிமீட்டர் வரை, மறுபடி விடலாம் என்று அறிவித்தார்கள், விமானப் பணிப்பெண்களும் மற்றவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள், ஜூன் மாதம் கைவிட்டார்கள். அவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது, மூடிய அறைக்குள் பயணிகளோடு இருக்கப்போவது அவர்கள்தானே. நான் கேபினில் கத்தி வேண்டும் என்று கேட்கவே இல்லை. நாட்டுக்கு நாடு மாறும் விஷயம், போகும்போது விடுவார்கள், திரும்பும்போது பிடுங்குவார்கள், அதனால்தான் பெரிய பெட்டி என்கிறேன்.

உண்மையில் எச்சரிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது, அதை உங்கள் கட்டுரையாளர் தொடவே இல்லை. விமானத்தில் வைக்கலாம் என்பது வேறு, இறங்கும் ஊரின் சட்டம் வேறு. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள மடக்குக்கத்தியையோ, விரித்தால் பூட்டிக்கொள்ளும் வகையையோ தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியை வைத்திருப்பதே அங்கே குற்றம். இதை எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

சரி, இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். இரண்டு வருடம் முன்பு இதே பக்கத்தில், கைப்பையின் எடையைக் குறைக்க சார்ஜர், பவர் பேங்க் எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள் என்று யோசனை சொன்னீர்கள். கத்தி போகலாம், பவர் பேங்க்தான் அங்கே போகக் கூடாது! லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் பணியாளர்கள் பார்த்து அணைப்பார்கள், சரக்கு அறைக்குள் அதை யார் பார்ப்பது? ஆக உங்கள் பக்கத்தை நம்புகிறவர் ஆபத்தில்லாததை விட்டுவிட்டு ஆபத்தானதை அடியில் வைத்துக்கொண்டு பறப்பார். அப்போதும் நான் கடிதம் போட்டேன், இரண்டு பக்கம். நீங்கள் அதை நான்கு வரியாக்கி வெளியிட்டீர்கள். எந்த நான்கு வரி? மரியாதைக்காக நான் ஆரம்பத்தில் எழுதியிருந்த, "உங்கள் இதழைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறேன்" என்பதில் தொடங்கும் நான்கு வரி. பவர் பேங்க் காணாமல் போயிருந்தது. என் மனைவி அதைக் கத்தரித்து வைத்திருக்கிறாள், என்னைக் கேலி செய்ய.

அந்தப் படத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் பேனாக்கத்தியைக் கைப்பையில் மறந்து வைத்துவிட்டார் என்று ஒரு துணுக்குச் செய்தி போட்டீர்களே, அதற்கு ஒரு முழ நீளத்துக்குக் குத்துவாள் படம். விரல் நீளப் பொருளுக்கு! அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரித் திருத்தம். கத்தியைச் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வைக்கலாம், கைப்பையில் வைக்க வேண்டாம், விமான நிறுவனத்தின் விதியையும் போகும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளவும். போதும். பெட்டி எதுவும் ஒப்படைக்காமல் கைப்பையோடு மட்டும் போகிறவர் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட வேண்டியதுதான் என்று மூன்றாவது வரியும் சேர்த்தால் உங்கள் பெருந்தன்மை.

இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டுவதானால் அப்பாவைப் பற்றிய இடத்தை வெட்டுங்கள், என் மனைவியை வெட்டுங்கள், ஆரம்பத்து வணக்கத்தைக்கூட வெட்டுங்கள். செக்-இன் பெட்டி என்று வரும் வரியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத ஒரு வாசகர்