முஸ்தபாவை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்

ஓசாகாவில் இருக்கும் காப்காம் நிறுவனத்தாருக்கு,

திருப்பூரிலிருந்து வணக்கமுங்க.

1993-இல் நீங்கள் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கடைகளுக்கு, கொண்டுவந்த 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் பலருக்கும் தெரியாது. 'முஸ்தபா கேம்' என்றால் தறிக்காரர் முதல் டாக்டர் வரை முகம் மலரும். ஜாக், ஹன்னா, மெஸ் மூவரையும் விட்டுவிட்டு, ஓடிவந்து எட்டி உதைக்கும் முஸ்தபாவின் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துக்கொண்டோம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடை. ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போட்டுவிட்டால் சாயங்காலம் உள்ளே நிற்க இடம் இருக்காது.

அந்த ஆட்டம் இன்றுவரை டிவியில் மாட்டி ஆடும் எந்த வீட்டு கன்சோலுக்கும் வரவில்லை. 1994-இல் சேகா சிடி என்ற கன்சோலில் அதே பெயரோடு வந்தது காரோட்டிக்கொண்டே சுடுகிற வேறொரு ஆட்டம். சின்ன வயதில் நான் கோயம்புத்தூர் போய்க் கடை கடையாக 'முஸ்தபா கேசட் இருக்குங்களா' என்று கேட்டு அலைந்திருக்கிறேன். இல்லாத பொருளைத் தேடினேன் என்று பின்னால்தான் தெரிந்தது.

கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் எப்படிக் கொண்டுவருவீர்கள் என்பதில் எனக்குப் பெரிய கவலை இருக்கிறது. அதற்குக் காரணம் உங்கள் 'ஃபைனல் ஃபைட்'.

1989-இல் ஆர்கேடில் அதிரடியாக வந்த ஆட்டம் அது. அடுத்த ஆண்டே ஜப்பானில் சூப்பர் நின்டெண்டோ என்ற வீட்டு கன்சோலுக்கு வந்தது. அந்தப் பெட்டி எங்கள் பக்கம் கண்ணில் பட்டதில்லை. வேலைக்குப் போன பிறகு ஒரு பழையதை வாங்கி ஆடிப் பார்த்தேன். உருவங்கள் பெரிதாக, அழகாகத்தான் இருந்தன. ஆனால் மூன்று வீரர்களில் 'கை' (Guy) என்ற பெயர்கொண்டவரையே காணோம். தொழிற்சாலைப் பகுதி முழுவதும் போயிருந்தது. ஆர்கேடில் திருவிழாக் கூட்டம் போல மொய்க்கும் அடியாட்கள், இங்கே ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வருவதில்லை. எட்டு மெகாபிட் கேசட்டில் அவ்வளவுதான் அடங்கியது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வசதியையும் எடுத்துவிட்டீர்களே, அதுதான் மனசுக்கு ஆகவில்லை. சண்டை ஆட்டத்தில் பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லையென்றால் என்னங்க மிச்சம்? 1993-இல் சேகா சிடியில் நிறங்கள் மங்கித்தான் வந்தது. ஆனாலும் மூன்று வீரர்களும் வந்தார்கள், இரண்டு பேர் ஆடலாம், தொழிற்சாலையும் திரும்பியது. என்னைக் கேட்டால் அதுதான் வீட்டுக்கு வந்த ஃபைனல் ஃபைட்.

குறைக்கத்தான் வேண்டும் என்றால், குறைத்த இடத்தில் வேறொன்றை வைக்கலாம். இன்னொரு கேம் கம்பெனியான கொனாமிக்காரர்கள் 1992-இல் நிஞ்சா ஆமைகளின் 'டர்டில்ஸ் இன் டைம்' ஆட்டத்தை சூப்பர் நின்டெண்டோவுக்குக் கொண்டுவந்தபோது நான்கு பேரை இரண்டாக்கினார்கள். அதற்கு ஈடாக ஒரு சண்டையைப் புதிதாக வைத்தார்கள்: வில்லன் திரைக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான், அடியாளைப் பிடித்துத் திரையை நோக்கி அவன்மேல் வீச வேண்டும். ஆர்கேடில் இல்லாத அனுபவம். வீட்டுக்கு வரும் ஆட்டத்தை இப்படித்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லணுமுங்க. 2018-இல் நீங்கள் ஏழு ஆட்டங்களைச் சேர்த்துக் கொடுத்த தொகுப்பை வாங்கினேன். படம், சத்தம், ஆள் கணக்கு எல்லாம் ஆர்கேடில் இருந்தபடியே. ஆனால் செத்தால் பட்டனை அழுத்தி எழுந்துகொண்டே இருக்கலாம். என் பையன் ஒரு மணி நேரத்தில் ஃபைனல் ஃபைட்டை முடித்துவிட்டு, 'அவ்ளோதானாப்பா?' என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை. எங்களுக்கு ஒரு ரூபாய்தான் இருந்தது. அது போனால் அடுத்த சனிக்கிழமைதான். அதனால்தான் விலகக் கற்றோம், எதிரியோடு ஒரே நேர்கோட்டில் நிற்காமல் மேலும் கீழும் நகரக் கற்றோம், உயிர் கொஞ்சம் குறையும் என்பதால் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துகிற அடியைக் கடைசி நிமிடத்துக்கு ஒளித்துவைத்தோம். ஆகவே 'மூன்றே காசு, அதற்குமேல் இல்லை' என்று ஒரு முறையை ஆட்டத்திலேயே வையுங்கள். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும்.

உரிமைச் சிக்கல் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். கதை மார்க் ஷுல்ட்ஸின் காமிக்ஸிலிருந்து வந்தது. கேடிலாக் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்ப் பெயர். ஆனால் அதே 1993-இல் மார்வெல் உரிமத்தோடு நீங்கள் செய்த 'தி பனிஷர்' ஆட்டத்தை 2024-இல் தொகுப்பில் சேர்த்தீர்களே. அந்தக் கதவைத் தட்டியவர்கள் இந்தக் கதவையும் தட்டுங்கள். எங்கள் சந்துக் கடை மெஷினுக்குள் ஓடிய கேம் போர்டு அசலா நகலா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போட்ட ரூபாய் உங்கள் கைக்கு வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இன்று முறையாகக் காசு கொடுத்து வாங்கக் காத்திருக்கிறோம், விற்கத்தான் ஆளில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆட்டத்தில் மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். எங்கள் கடை மெஷினில் இரண்டு ஸ்டிக்தான். நாங்கள் மூன்று பேர். எனக்கும் மாமன் மகனுக்கும் எப்படியாவது ஒரு ரூபாய் கிடைத்துவிடும். மூன்றாவது ஆள் எப்போதும் வேடிக்கைதான். 'டேய், அக்கட்ட போடா, அருவாக்காரன் பின்னால வாரான்' என்று அவன் கத்தியதால்தான் நாங்கள் இரண்டாவது கட்டத்தைத் தாண்டினோம். இப்போது சோமனூரில் சொந்தத் தறி ஓட்டுகிறான். மூன்றாவது கன்ட்ரோலரை வாங்கி, கவர் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். முஸ்தபாவை அவனுக்குத்தான் கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
அந்தக் கடையில் இடதுபக்க ஸ்டிக்கைப் பிடித்தவன்