செவ்வாய் வசிப்பிடம் நாடகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

செவ்வாய்க் கிரகத்தைப் போலப் பூமியிலேயே அமைக்கப்பட்ட வசிப்பிடங்களில் ஆய்வாளர்கள் தங்கி வேலை செய்வது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைக் குறித்து, அது பெருஞ்செலவில் நடக்கும் நாடகம் என வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பகுதித் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அவர் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பாசாங்கு இருப்பது உண்மைதான். செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 38 சதவீதமே. அதை, இத்தகைய வசிப்பிடங்கள் உள்ள அமெரிக்காவின் யூட்டாப் பாலைவனத்திலோ ஹூஸ்டன் நகரிலோ உண்டாக்க வழியில்லை. ஆனால் அங்கே ஆராயப்படுவது மனிதரைத்தான். நாசா 2023 ஜூன் 25 அன்று நால்வரை 1,700 சதுர அடிக் கட்டடமொன்றுக்குள் அனுப்பி, 378 நாட்களின் பின், 2024 ஜூலை 6 அன்றே வெளியே எடுத்தது. அதற்கு முன்னர் மொஸ்கோவில் அறுவர் 520 நாட்கள் அடைபட்டிருந்தபோது, சிலருடைய உறக்க ஒழுங்கு குலைந்ததும் நாளாக ஆக நடமாட்டம் குறைந்ததும் பதிவாகின. ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 2018இல் தொடங்கிய பயிற்சியொன்று, உள்ளேயிருந்த ஒருவரை மின்சாரம் தாக்கியதால் நான்கே நாளில் கைவிடப்பட்டது. நாடகத்தில் இப்படி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்வதில்லை.

கடினமானது தகவல் தாமதம். இரு கிரகங்களும் மிகவும் விலகியிருக்கும் காலத்தில், நாம் சொல்லும் ஒரு சொல் செவ்வாயை அடைய 22 நிமிடம் வரை ஆகும். பதில் வர இன்னும் அவ்வளவு நேரம். இதைப் பிள்ளைகளுக்கு விளக்க, மாணவிகள் அறுவரை வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்தோம். துண்டுச்சீட்டு மட்டுமே தொடர்பு. அதையும் ஆசிரியைகளாகிய நாங்கள் கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் வைத்திருந்தே பிரித்தோம். முதல் இரவு கேள்வி மேல் கேள்வியாக வந்தது. மறுநாள் மதியத்தோடு சீட்டுகள் நின்றுவிட்டன. தாங்களாகவே முடிவெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தீர்ந்துபோன பிரச்சினைக்கு நாங்கள் தாமதமாக அனுப்பிய புத்திமதியைக் கண்டு எங்கள் மேல்தான் கோபப்பட்டார்கள். நாளுக்கு இரண்டு வாளித் தண்ணீர்தான். அதைப் பங்கிடும் பொறுப்பை, யாரும் சொல்லாமலே, தண்ணீர்ப் பீலியில் வரிசை நின்று பழகிய ஒருத்தியிடம் விட்டிருந்தார்கள்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களுக்கு இதிலென்ன புதுமை என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (அறையில்) நானும் வளர்ந்தவள்தான். எனினும் அந்த ஒப்பீடு எனக்குப் பிடிப்பதில்லை. அந்த ஆய்வாளர்கள் விண்ணப்பித்து, தெரிவாகி, வெளியேறும் திகதியை அறிந்துகொண்டு உள்ளே போனவர்கள். எங்களிடம் எவரும் திகதி சொன்னதில்லை.

நாசாவின் இரண்டாவது குழு 2025 ஒக்டோபரில் இதேபோன்று 378 நாட்களுக்கு உள்ளே சென்றது. அதன் முடிவுகள் வெளிவரும்போது, உயர்தர வகுப்பு மாணவர் படித்து விளங்கக்கூடிய தமிழில், சுருக்காமல் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
டிக்கோயா