கேட்டது சமதரைப் பனிப்பாதை, கொடுத்தது மலைச்சரிவு: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: நிர்வாகி, சுற்றுலா நிறுவனம், ஈப்போ கிளை
அனுப்புநர்: பயணக் குழுவினர் சார்பில், சுங்கை சிப்புட், பேராக்

ஐயா,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் உங்கள் ஏற்பாட்டில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போய் வந்த குழுவில் நானும் என் பெற்றோரும் இருந்தோம். விமானம், ஹோட்டல், சாப்பாடு எதிலும் குறையில்லை. ஆனால் எதற்காகப் பணம் கட்டினோமோ அதை மட்டும் நீங்கள் தரவில்லை.

உங்கள் விளம்பரத்தில் "சப்போரோவில் கிராஸ் கண்ட்ரி ஸ்கீ, எல்லா வயதினருக்கும்" என்று போட்டிருந்தீர்கள். ஸ்கீ எனும் நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, சமதரைப் பனியில் நடப்பதுபோலப் போவதுதான் கிராஸ் கண்ட்ரி. மரங்களுக்கு நடுவே பனியில் தண்டவாளம் போல இரண்டு கோடுகள் ஓடும் படமும் இருந்தது. பயண நிரலில் தக்கினோ சுசுரன் பூங்கா, மொயெரேநுமா பூங்கா என்று பெயர் சொல்லியே அச்சிட்டிருந்தீர்கள். அப்படியும் சந்தேகம் வரக்கூடாது என்று, மலையிலிருந்து சறுக்கி இறங்குவதா, சமதரையில் போவதா என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டேன். "நடக்கிற மாதிரிதான், பயப்படாதீங்கக்கா" என்று உங்கள் ஊழியர் எழுதிய பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

அந்தப் பதிலை நம்பித்தான் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போனேன். அப்பா தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்தவர், அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இருவரும் எழுபதைத் தாண்டியும் தினமும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் பசியாறுவார்கள். வேகமாகச் சறுக்க அவர்களால் முடியாது, நடக்கச் சொன்னால் மணிக்கணக்கில் நடப்பார்கள். கிராஸ் கண்ட்ரி அப்படிப்பட்டவர்களுக்கும் ஏற்றது. இதற்குப் பேர்போன நார்வேயில், ஆஸ்லோ நகர மெட்ரோவில் ஏறி ஃப்ரோக்னர்செட்டெரனில் இறங்கினாலே காட்டுப்பாதை தொடங்கிவிடும். அவ்வளவு தூரம் போக எங்களுக்கு வசதியில்லை. சப்போரோ எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆனால் உங்கள் பேருந்து இரண்டு பூங்காக்களுக்கும் போகவில்லை. லிஃப்டில் ஏறிச் சரிவில் இறங்கும் மலை விடுதி ஒன்றில் எங்களை இறக்கிவிட்டார்கள். கேட்டதற்கு, "எல்லாம் ஸ்கீதானே" என்றார் உங்கள் வழிகாட்டி.

இல்லை ஐயா. கிராஸ் கண்ட்ரி ஸ்கீ மெல்லியது, நீளமானது, எடை குறைந்தது. காலணியின் முன்பகுதி மட்டும்தான் அதில் மாட்டும், குதிகாலைத் தூக்கி எட்டு வைக்கலாம். சரிவில் இறங்கும் ஸ்கீயில் குதிகாலையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அன்று அப்பாவுக்குக் கொடுத்தது கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸ். கொக்கிகளை இறுக்கியதும் கணுக்கால் அசையவில்லை. பழகுவோர் சரிவிலேயே பக்கவாட்டில் விழுந்தார், எழுந்துகொள்ள முடியவில்லை, நானும் இன்னொருவரும் தூக்கினோம். நல்லவேளை, அடி பலமில்லை. அதைப் பார்த்த அம்மா பூட்ஸைத் தொடவே இல்லை. மாலைவரை இருவரும் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதைவிட என் மனதை வருத்தியது கடைசி நாள் காலை. சுசுகினோவில் எங்கள் ஹோட்டல், அங்கிருந்து சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம் நகஜிமா பூங்கா. நகரத்தின் நடுவில் இருக்கும் அந்தப் பூங்காவில் குளிர்காலத்தில் கிராஸ் கண்ட்ரி பாதை போட்டு, ஸ்கீயையும் காலணியையும் இலவசமாகவே இரவல் கொடுக்கிறார்கள். அப்பா வயதுக்காரர்கள் கோலை ஊன்றி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா பாதையோரம் நின்று அவர்கள் கால் வைக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு விமான நிலையப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. 1972 குளிர்கால ஒலிம்பிக்கில் கிராஸ் கண்ட்ரி போட்டிகள் நடந்த மகோமனாயும் அதே நகரத்தில்தான் இருக்கிறது. இந்த விளையாட்டுக்கு இத்தனை இடம் உள்ள ஊருக்கு ஆளுக்கு 7,800 ரிங்கிட் வாங்கிக்கொண்டு எங்களை அழைத்துப்போன உங்களுக்கு, ஒரு பூங்காவைக்கூடக் காட்ட மனமில்லாமல் போனது ஏன்?

மலை விடுதிக் கட்டணம் விளம்பரத்தில் இருந்த திட்டத்தைவிட அதிகம் என்றும், அதனால் எங்களுக்கு இழப்பில்லை என்றும் உங்கள் கிளையில் சொன்னார்கள். கேட்காத பொருள் விலை கூடியது என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை.

எனவே, ஸ்கீ நாளுக்கான முழுத் தொகையையும் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் திருப்பித் தர வேண்டும். விளம்பரத்தில் உள்ள படத்தையும் வாசகத்தையும் உடனே எடுத்துவிட வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்கு அதே விளம்பரம் இப்போதே சுங்கை சிப்புட் கடைகளில் ஒட்டப்பட்டிருக்கிறது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சிலர் முன்பணம் கட்டத் தயாராகிறார்கள். அவர்களிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரிக்கை பதிவு செய்வேன். அதற்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. ரசீது, பயண நிரல், விளம்பரத் தாள், புலன உரையாடல் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்