வரைபடத்தோடு அதன் நிரலையும் கேட்டு வாங்குங்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளின் துறைத்தலைவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஒரே வட ஆற்காடாக இருந்து, 1989-லும் 2019-லும் பிரிந்து, இன்று நான்கு மாவட்டங்களாக நிற்கும் நம் பகுதியில் புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் தங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். புள்ளியியல் கணக்குகளுக்கும் வரைபடங்களுக்கும் பயன்படும் ஆர் (R) மென்பொருளில் வரைந்த படங்களுடன் ஆய்வேடு தங்கள் மேசைக்கு வரும்போது, படத்தோடு அதை வரைந்த நிரலையும் (கட்டளைத் தொகுப்பையும்) தரவுக் கோப்பையும் கட்டாயமாகக் கேட்டு வாங்குங்கள். அந்த நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் போன்றவற்றில் வேறோர் இயங்குதளத்தில் ஓட்டி, அதே படம் வருகிறது என்று கண்ட பிறகே கையொப்பமிடுங்கள்.

இது வெறும் கணினி நுணுக்கம் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் கிணற்று நீரை இன்றும் நம் மாணவர்கள் அளக்கிறார்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கோட்டுக்கு மேலே எத்தனை கிணறுகள், கீழே எத்தனை என்று காட்டும் படத்தைப் பத்தாண்டு கழித்து இன்னொரு மாணவர் புதிய அளவீடுகளோடு சேர்த்து மீண்டும் வரைய வேண்டியிருக்கும். அப்போது அவர் கையில் வேர்டு கோப்பில் ஒட்டிய படம் மட்டும் இருந்தால், புள்ளிகளை ஸ்கேல் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

நம் பகுதிக் கல்லூரி ஒன்றின் வாய்மொழித் தேர்வில் அமர்ந்திருந்தபோது நேரில் கண்டதைச் சொல்கிறேன். மாணவி ஒருவர் கிணற்று நீரின் உப்புத்தன்மையைப் பாக்ஸ் பிளாட்டாக, அதாவது மதிப்புகளின் பரவலைப் பெட்டிகளாகக் காட்டும் படமாக, வரைந்து காட்டினார். ஒரேயொரு கிணற்றின் மதிப்பு மிக உயரத்தில் இருந்ததால், மற்ற பெட்டிகளெல்லாம் அடியில் நசுங்கிக் கிடந்தன. பெரிய மதிப்புகளைச் சுருக்கிக் காட்டும் மடக்கை (லாக்) அளவுகோலில் வரைந்து காட்டும்படி புறத்தேர்வாளர் கேட்டது முற்றிலும் நியாயமானது. நிரல் இருந்தால் ஒரு சொல்லைச் சேர்த்தாலே போதும். ஆனால் அந்தப் படம் ஆய்வகத்து விண்டோஸ் கணினியில், கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி வரைந்தது. படச் சாளரத்தின் ஹிஸ்டரி வசதியில் பேஜ் அப் விசையை அழுத்தினால் பழைய படங்கள் வரும் என்பதால் அவர் எதையும் தனியாகச் சேமிக்கவில்லை. அவருடைய சொந்த மடிக்கணினியில் இருந்ததோ உபுண்டு என்னும் லினக்ஸ். ஆய்வகக் கணினி இடையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தது. அவருக்கு நிரல் எழுதத் தெரியும். அதைக் கோப்பாக எழுதி வைக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

படத்தைச் சேமித்துத் திரும்பப் பார்க்கும் வசதி மூன்று இயங்குதளங்களிலும் மூன்று விதமாக இருப்பதே சிக்கலின் வேர். விண்டோஸ் சாளரத்தில் உள்ள ஹிஸ்டரி வசதி, லினக்ஸில் ஆர் திறக்கும் எக்ஸ்11 சாளரத்தில் கிடையாது. படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் ‘சேவ்பிளாட்’ என்ற கட்டளை விண்டோஸில் பிடிஎஃப் வரை தரும். லினக்ஸில் பிஎன்ஜி போன்ற படக் கோப்புகளை மட்டுமே தரும். மேக்கில் ஆர் திறக்கும் குவார்ட்ஸ் சாளரத்துக்கோ கட்டளையே வேறு. ஆரை இயக்க உதவும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் பழைய படங்களுக்குச் செல்லும் அம்புக்குறிகள் எல்லாத் தளங்களிலும் உண்டு என்றாலும், துடைப்பக் குறியை அழுத்தி ஒப்புதல் தந்துவிட்டால் அங்குள்ள படங்கள் அத்தனையும் போய்விடும். அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த மாநிலம் இது. நம் மாணவர்கள் ஒரே தளத்தில்தான் வேலை செய்வார்கள் என்று நாம் எண்ணிக்கொள்ள முடியாது.

‘ரெகார்டுபிளாட்’ கட்டளையால் படத்தைப் பதிந்து வைத்து ‘ரீப்ளேபிளாட்’ கட்டளையால் திரும்ப வரவழைக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அந்த வடிவம் ஆர் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்றும், நிரந்தரச் சேமிப்புக்கு அதை நம்ப வேண்டாம் என்றும் ஆர் கையேடே எச்சரிக்கிறது. ஒரே அமர்வுக்குள் பயன்படுத்த அது நல்ல கருவி, ஆய்வேட்டுக்கு ஆகாது.

நிரலை வைத்திருந்தாலும் எந்தப் பதிப்பில் ஓட்டியது என்று குறித்துவைக்க வேண்டும். 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் ‘சாம்பிள்’ கட்டளை எண்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. எனவே அந்தத் தேர்வைத் தொடங்கிவைக்கும் ஒரே சீடு எண்ணைக் கொடுத்தாலும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வேறு வேறு கிணறுகளை எடுக்கும். 2020-இல் வந்த 4.0.0 பதிப்பில் இயல்பு வண்ணங்களே மாறின. ஆகவே பதிப்பு விவரங்களைக் காட்டும் ‘செஷன்இன்ஃபோ’ கட்டளையின் விடையையும் ஓர் உரைக் கோப்பில் இட்டு இணைக்கச் சொல்லுங்கள்.

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அச்சுகளுக்குத் தமிழில் பெயரிட்டு வழக்கமான பிடிஎஃப் கட்டளையால் சேமித்தால் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகள் வரும். லினக்ஸில் ‘கெய்ரோ பிடிஎஃப்’ கட்டளையால் சேமித்தால் எழுத்துகள் ஒழுங்காக அமையும், எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். விண்டோஸின் லதா எழுத்துரு லினக்ஸில் இருக்காது என்பதால், எல்லாத் தளங்களிலும் இலவசமாக நிறுவக்கூடிய நோட்டோ சான்ஸ் தமிழைப் பயன்படுத்துவது நல்லது. பிஎன்ஜிதான் வேண்டுமென்றால் அகலம், உயரம், அடர்த்தி மூன்றையும் நிரலிலேயே எழுத வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் அது 480க்கு 480 பிக்சலில்தான் வரும். 300 புள்ளி அடர்த்தியில் அச்சிட்டால் அது 1.6 அங்குலப் படம். அதைப் பக்க அகலத்துக்கு இழுத்துப் பெரிதாக்கியதால் மங்கிய படங்களை நம் நூலகத்து ஆய்வேடுகளில் எத்தனையோ பார்க்கிறோம்.

கோப்புப் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றி வைக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறு வேறாகவே கொள்ளும். ‘சி டிரைவ்’ என்று தொடங்கும் முழுப் பாதை நிரலில் எங்கும் இருக்கக் கூடாது.

எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா போன்ற பிற புள்ளியியல் மென்பொருள்களைப் பயன்படுத்தும் துறைகளுக்கும் இக்கோரிக்கை பொருந்தும். அங்கும் கட்டளைகளைச் சின்டாக்ஸ் கோப்பாகவோ டூ கோப்பாகவோ சேமிக்கும் வழி இருக்கிறது. மெனுவைச் சொடுக்கியே பழகிய மாணவர்களுக்கு இது தொடக்கத்தில் கூடுதல் வேலைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திருத்தம் கேட்கப்படும் நாளில் அந்த வேலை பல மடங்காகத் திரும்பி வரும்.

இதற்காகத் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் புதிய விதி எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை; நெறியாளர் ஒருவர் மனம் வைத்தாலே போதும். வரும் பருவத்தில் தங்களிடம் வரும் முதல் ஆய்வேட்டிலிருந்தே, தரவு, நிரல், படங்கள் மூன்றும் அடங்கிய ஒரே கோப்புறையைப் பென்டிரைவில் வாங்கி, துறையிலுள்ள இன்னொரு கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டுகிறேன். விண்டோஸில் செய்ததை லினக்ஸில் ஓட்டிப் பார்க்க இடமில்லாத துறைகள் எனக்கு எழுதினால், காட்பாடியில் என் வகுப்பறைக் கணினிகளில் நானே ஓட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி.