எங்கள் கூரை மழைநீருக்கு நீங்கள் வாங்கிய வடிகால் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு மேலாளர் அவர்கள், கழிவுநீர்ச் சேவை நிறுவனம், இங்கிலாந்து.

பொருள்: மழைநீர் பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேராத வீட்டிடம் ஆண்டுக்கணக்கில் வசூலித்த மழைநீர் வடிகால் கட்டணத்தை வட்டியுடன் திருப்பித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இதே பொருள் குறித்து நான் முன்பு அனுப்பிய கடிதங்களும் மின்னஞ்சல்களும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். அவற்றில் எதற்கும், கேட்ட கேள்விக்கான பதில் இதுவரை வந்து சேரவில்லை என்பதால், இம்முறை உங்கள் பிரிவின் மேலாளருக்கே நேரடியாக எழுதுகிறேன். உங்கள் பில்லின் பின்பக்கத்தில் பிற மொழி பேசும் வாடிக்கையாளர்களுக்கு மொழிபெயர்ப்பு உதவி உண்டு என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பி, என் மனத்தில் உள்ளதைத் தெளிவாகச் சொல்லக்கூடிய தமிழிலேயே இதை எழுதுகிறேன். தயவுசெய்து மொழிபெயர்த்து முழுவதும் படிக்கவும்.

எங்கள் வீடு நார்த் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளின் சரிவில் உள்ளது. இந்த மண்ணில் தண்ணீர் தேங்குவதில்லை. ஊற்றினால் உள்ளே போய்விடும். இத்தெருவின் வீடுகளைக் கட்டியவர்கள் அதை அறிந்தே, கூரையில் விழும் மழைநீரைத் தோட்டத்தில் வெட்டிய உறிஞ்சு குழிகளில் விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டின் முன்கூரைப் பீலியும் பின்கூரைப் பீலியும் பக்கச் சுவரை ஒட்டிய இரண்டு இறங்கு குழாய்களில் சேர்ந்து, பின்தோட்டத்தின் இடது மூலையில் சிமெண்ட் பலகையால் மூடிய குழிக்குள் போகின்றன. மூடியைத் தூக்கினால் உள்ளே உடைகல் நிரப்பியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். சமையலறை, குளியலறை, கழிப்பறைக் கழிவு மட்டுமே வீட்டு முன்புற மேன்ஹோல் வழியாக உங்கள் குழாய்க்கு வருகிறது. அந்தச் சேவைக்கான கட்டணத்தை நான் ஒருபோதும் மறுத்ததில்லை, தாமதப்படுத்தியதும் இல்லை.

ஆனால் மழைநீர் வடிகால் என்ற பெயரில் நீங்கள் வாங்கும் தொகை, எங்களுக்கு நீங்கள் செய்யாத சேவைக்கான தொகை. ஒரு வீட்டின் மழைநீர் பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேரவில்லை என்பது ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தாலோ, நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலோ, அவ்வீட்டுக்குக் கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும் என்று ஆஃப்வாட்டின் கட்டணத் திட்ட விதிகள் சொல்கின்றன. இது உங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் விதி. நான் உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதன்று.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் கேள்வி என்றால், அதற்கான பதில் என் கையில் இருக்கிறது. 2013இல் இந்த வீட்டை வாங்கியபோது எங்கள் வழக்கறிஞர், வீடு வாங்கும் எவரும் எடுப்பதுபோல, வடிகாலும் குடிநீரும் பற்றிய கான்29டிடபிள்யூ விசாரணை அறிக்கையைப் பணம் கட்டிப் பெற்றார். அதைத் தயாரித்துத் தந்தது உங்கள் நிறுவனத்தின் சொத்து விசாரணைப் பிரிவு. இச்சொத்தின் மழைநீர் பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேர்கிறதா என்ற கேள்விக்கு, பதிவுகளின்படி சேரவில்லை என்று உங்கள் பெயர் பொறித்த தாளில், உங்கள் ஊழியரே எழுதியிருக்கிறார். எங்களிடம் காசு வாங்கிக்கொண்டு 2013இல் இதைச் சொன்ன அதே நிறுவனம், அதே ஆண்டிலிருந்து மழைநீருக்கும் பில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. விண்ணப்பித்த ஆண்டின் ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து மட்டுமே குறைப்பு தரப்படும் என்று உங்கள் கடைசி மின்னஞ்சல் சொல்கிறது. உங்களுக்கு ஒன்றும் தெரியாத வீடாக இருந்தால் அந்த வாதத்துக்கு ஏதோ ஓர் இடம் இருக்கலாம். தன் பதிவேட்டிலேயே உண்மையை எழுதி வைத்திருக்கும் நிறுவனம் அதைச் சொல்ல முடியாது.

இதை எழுத்தில் தெரிவித்த பிறகும் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் குடிநீர் தருவது வேறொரு நிறுவனம். உங்கள் சார்பில் கழிவுநீர்க் கட்டணத்தையும் சேர்த்து வசூலிப்பது அந்நிறுவனமே. அவர்களைக் கேட்டால், வடிகால் எங்களுடையதன்று, கழிவுநீர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். உங்களைக் கேட்டால், பில் நாங்கள் போடுவதில்லை, பில் போடுபவரைக் கேளுங்கள் என்றார்கள். மறுபடி அங்கே, மறுபடி இங்கே. ஒவ்வொரு முறையும் கணக்கு எண், அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி என்று தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் நீண்ட நேரம் இசை கேட்டுக் காத்திருந்த பிறகு. பணத்தை வாங்கும்போது இரு நிறுவனங்களும் ஒரே தாளில் கூட்டுச் சேர முடிகிறது. திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாகிவிடுகிறீர்கள்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உங்கள் பணம் திருப்பும் பிரிவில் பேசிய அந்த ஊழியரைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உறிஞ்சு குழி பற்றி நான் சொல்லத் தொடங்கிய உடனே குறுக்கிட்டு, "உங்கள் கூரையில் விழும் மழை வேறு எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். மீண்டும் விளக்கினேன். "வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவர் இருந்தால் அவரிடம் தொலைபேசியைக் கொடுங்கள்" என்றார். இந்த நாட்டில் இத்தனை ஆண்டுகள் வேலை செய்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, உங்கள் பில்லையும் தவறாமல் செலுத்திவரும் ஒருவரிடம், அதுவும் அவருடைய பணத்தையே கேட்கும்போது, இப்படிப் பேசலாமா? அவர் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. மேலாளரிடம் இணைக்கச் சொன்னேன், அழைப்பு துண்டிக்கப்பட்டது. அழைப்புகள் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். அவர் அந்த இருக்கையில் இன்னும் உட்கார்ந்திருப்பது உங்களுக்குச் சம்மதமா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்து, ஆய்வாளர் வந்த நாள். காலை நேரம் என்று நீங்கள் குறித்துத் தந்ததால் ஊதியமில்லா விடுப்பு எடுத்து வீட்டில் காத்திருந்தேன். நண்பகல் கடந்துதான் வந்தார். தோட்டத்துக்கு வாருங்கள், குழியின் மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று அழைத்தேன். பின்பக்கம் வருவது தன் வேலையில் இல்லை என்று சொல்லிவிட்டு, முன்புற மேன்ஹோல் மூடியை மட்டும் கொக்கியால் தூக்கி எட்டிப் பார்த்தார். அப்போது சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சவர்க்கார நுரையோடு தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மழைநீர் பொதுக் குழாயுடன் இணைக்கப்பட்டுள்ளது என்று அறிக்கை வந்தது. அன்று எங்கள் ஊரில் ஒரு துளி மழை பெய்யவில்லை. துணி துவைத்த தண்ணீரையும் மழைநீரையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத ஒருவரை, அதுவும் உங்கள் சொந்தக் குழாயைப் பார்ப்பதற்காக, எப்படி அனுப்பினீர்கள்? பீலியில் சாயம் ஊற்றிப் பார்க்கும் எளிய சோதனையைக்கூட அவர் செய்யவில்லை. அதற்கான சாயப் பொட்டலம்கூட அவரிடம் இல்லை.

ஆகவே அந்தச் சோதனையை என் செலவில் நானே செய்யவைத்தேன். வடிகால் வேலை தெரிந்த குழாய்ப் பணியாளர் ஒருவர் இரண்டு பீலிகளிலும் பச்சைச் சாயத்தைக் கரைத்துத் தோட்டக் குழாயால் தண்ணீர் விட்டார். முன்புற மேன்ஹோலில் கடைசிவரை நிறம் மாறவில்லை. தோட்டத்துக் குழியில் உடைகற்கள் பச்சையாயின. அவருடைய கையெழுத்திட்ட குறிப்பும், நேரம் பதிந்த படங்களும், வீட்டின் வடிகால் வரைபடமும் உங்களுக்கு ஏற்கெனவே வந்தன. வரைபடம் தெளிவாக இல்லை என்று ஒரு பதில். படங்கள் திறக்கவில்லை என்று ஒரு பதில். விண்ணப்பம் காலாவதியாகிவிட்டது, புதிதாக விண்ணப்பியுங்கள் என்று இன்னொரு பதில். ஆங்கிலம் தெரிந்தவரிடம் கொடுங்கள் என்று சொன்ன அதே பிரிவிலிருந்துதான் இவையும் வந்தன என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பதிலில், வீட்டுக்கு முன்னுள்ள சாலையின் மழைநீர் உங்கள் குழாயில் சேர்வதால் நான் கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். சாலை வடிகாலுக்கான பங்கு வேறு, வீட்டு மழைநீருக்கான பங்கு வேறு. சாலைக்கான பங்கை எல்லா வாடிக்கையாளர்களும் செலுத்துகிறோம். அதை நான் திருப்பிக் கேட்கவே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்கள் கட்டணப் பிரிவுக்கே தெரியவில்லை என்றால் வாடிக்கையாளர் யாரிடம் போய்க் கேட்பது?

ஆண்டுக்குச் சில பத்துப் பவுண்டுகள்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். இழந்த ஊதியம், குழாய்ப் பணியாளருக்குக் கொடுத்தது, தொலைபேசியோடு கழிந்த மாலைகள், போன தூக்கம், அந்த ஊழியரால் என் குடும்பத்தின் முன் நான் பட்ட அவமானம் எல்லாவற்றையும் சேர்த்தால் எனக்கு நேர்ந்த நட்டம் ஆயிரக்கணக்கான பவுண்டுகளுக்குக் குறையாது. இத்தெருவில் இதேபோல் உறிஞ்சு குழி வைத்திருக்கும் வீடுகள் அத்தனையும் இந்தக் கட்டணத்தைச் செலுத்திக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர், குளிர்காலத்தில் ஓர் அறையை மட்டுமே சூடாக்கிக்கொண்டு உங்கள் பில்லை முழுவதும் கட்டுகிறார். இந்தக் குறைப்பு இருப்பதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். பில்லோடு வரும் தாளில், வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் உங்கள் கடமை முடிந்துவிடாது.

எனக்கு உங்களோடு சண்டை போட விருப்பமில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கும் நீங்கள் அந்த ஊழியரைப் போன்றவராக இருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். 2013ஆம் ஆண்டின் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், இது நீண்ட விசாரணை தேவைப்படாத விஷயம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். நான் வேண்டுவது இதுதான்: மழைநீர் வடிகால் கட்டணத்தை இனி என் கணக்கிலிருந்து நீக்க வேண்டும், 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அனுமதிக்கும் கடந்த ஆறு ஆண்டுகளுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும், அதற்கு 8 விழுக்காடு எளிய வட்டியும், ஆய்வாளர் குறித்த நேரத்துக்கு வராததற்கான இழப்பீடும், சாயச் சோதனைக்கான செலவும் தர வேண்டும், தொலைபேசியில் பேசிய விதத்துக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். திருப்பும் தொகையை அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டாம். என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்ததை வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

எழுத்து மூலமான புகாருக்கு 10 வேலை நாட்களுக்குள் உரிய பதில் தர வேண்டும் என்பதும், தராவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு சேரும் என்பதும் உங்களுக்கான உத்தரவாதச் சேவைத் தரங்களில் உள்ளவை. அந்த நாட்களை இக்கடிதம் உங்கள் கையில் சேரும் நாளிலிருந்து எண்ணுகிறேன். கடிதத்தைக் கையெழுத்துப் பெறும் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன்; வந்து சேரவில்லை என்ற பதில் இம்முறை எடுபடாது. உரிய பதில் வராவிட்டால் நீர் நுகர்வோர் மன்றத்திடம் முழுக் கோப்பையும் ஒப்படைப்பேன். அங்கும் தீரவில்லை என்றால் சுயாதீன நடுவரிடம் போவேன். அவருடைய முடிவை நான் ஏற்றுக்கொண்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். தேவைப்பட்டால் சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, உங்கள் சொந்த விசாரணை அறிக்கையையே முதல் ஆவணமாக வைப்பேன். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இக்கடிதத்தின் நகல் போகிறது. தெருவிலுள்ள மற்ற வீட்டாருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

2013ஆம் ஆண்டு அறிக்கையின் நகல், வீடு வாங்கியதிலிருந்து வந்த பில்கள், சாயச் சோதனைக் குறிப்பு, காகிதத்தில் அச்சிட்ட படங்கள், வரைபடம் ஆகியவற்றை மறுபடியும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இவற்றில் எதுவும் தெளிவாக இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தோட்டத்துக்குள் வந்து பார்க்கச் சம்மதிக்கும் ஓர் ஆய்வாளரை, வரும் நேரத்தை முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, சாயத்தோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கழிவுநீர்ச் சேவையின் வாடிக்கையாளர்
(கணக்கு எண்ணும் முகவரியும் இணைப்பில்)